இரண்டு மாதம் தங்கிச் சென்றவர்கள்

சென்ற ஆண்டு ஒரு நல்கைக்கு விண்ணப்பித்திருந்தேன். மூத்த மொழியியலறிஞர் ஒருவரை எங்கள் துறைக்கு ஒரு மாதம் வரவழைத்து, நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த களக்குறிப்புகளை அவர் அருகிலேயே அமர்ந்து படித்துப் படியெடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஐந்து நாள்களுக்கு மேல் அனுமதிக்க விதியில்லை என்று பதில் வந்தது. அந்த ஐந்து நாள்களுக்கான ஒப்புதலும் நாங்கள் குறித்திருந்த தேதி கழிந்து பதினொரு நாள்களுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. அதற்குள் அவருடைய உடல்நிலை நெடும்பயணத்துக்கு இடந்தரவில்லை. ஒப்புதல் வழங்கிய அலுவலகம் எது என்பது இங்கு முக்கியமன்று. அந்த நாள்களில் நான் படித்துக்கொண்டிருந்த சில பழைய கணித ஏடுகளைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கணிதம் என் துறையன்று. வகுப்பறைப் பேச்சு எவ்வாறு நூலாக மாறுகிறது என்ற கேள்வியைத் தொடர்ந்து போனபோது, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விரிவுரைக் குறிப்பு வரிசை கண்ணில் பட்டது. இன்று அவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பலவற்றின் முகப்பில் இரண்டு பெயர்கள் இருக்கும். விரிவுரையாற்றிய வெளிநாட்டறிஞரின் பெயர் மேலே. குறிப்பெடுத்த மாணவரின் பெயர் கீழே. என்னை நிறுத்தியது அந்தக் கீழ்ப்பெயர்தான்.

டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியோடு ஹோமி பாபா 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. 1949இல் கே. சந்திரசேகரன் அங்கே வந்தார். மசூலிப்பட்டினத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவனத்தில் பணியாற்றியவர். மேலைநாட்டுக் கணிதத்தோடு நேரடித் தொடர்பில்லாமல் இங்கே ஓர் ஆய்வுப்பள்ளி வளராது என்பதை அவர் அறிந்திருந்தார். மாணவர்களை உடனே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவதே அன்றைய வழக்கமான வழி. அவர் முதலில் ஆசிரியர்களை இங்கே வரவழைத்தார். வந்தவர்கள் ஒரு சொற்பொழிவு ஆற்றி, மாலை அணிந்து, விமானமேறிச் செல்லவில்லை. இரண்டு மாதம், சில வேளை அதற்கும் மேலாகத் தங்கி, ஒரு பாடத்தை முதலிலிருந்து முடிவு வரை நடத்தினார்கள். அதைக் கேட்ட இளம் ஆய்வாளர் ஒருவர் அல்லது இருவர் எழுதி முடிக்க வேண்டும்.

வந்தவர்களின் பட்டியல் வியப்பூட்டுவது. ஹான்ஸ் ராடமாக்கர், லோரான் ஷ்வார்ட்ஸ், கார்ல் லுட்விக் ஸீகல், மாக்ஸ் டாய்ரிங், கோஸூல், பியர் சாமுவேல். ஷ்வார்ட்ஸ் 1950இலேயே ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். 1955இல் வெளிவந்த அவருடைய விரிவுரைகளுக்குக் குறிப்பெடுத்தவர் எம். எஸ். நரசிம்மன், நிறுவனத்தில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. டாய்ரிங்கின் விரிவுரைக் குறிப்புகள் 1959இல் வந்தபோது அவற்றை எழுதிய சி. பி. ராமானுஜத்துக்கு இருபத்தோரு வயது. கோஸூலின் விரிவுரையை எஸ். ராமனன் எழுதினார்.

குறிப்பெடுத்தல் என்றால் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுத்தல் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. விரிவுரையாளர் 'இது தெளிவு' என்று சொல்லித் தாண்டிப் போகும் இடத்தில் எழுதுபவரால் தாண்ட முடியாது. நிரூபணத்தின் இடைவெளிகளை அவரே நிரப்ப வேண்டும். ஐயம் எழுந்தால் மறுநாள் போய்க் கேட்க வேண்டும். மறுநாளும் அதற்கடுத்த வாரமும் ஆசிரியர் அதே கட்டடத்தில் இருந்தால்தான் இது நடக்கும். இறையனார் களவியலுரை தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் கைமாறி, கடைசியில் முசிறி நீலகண்டனாரால் எழுத்துருப் பெற்றது என்பது நம் மரபுச் செய்தி. பேச்சுக்கும் ஏட்டுக்கும் இடையே உழைக்கும் அந்த மனிதரை உரை வரலாறு மறக்கவில்லை. நல்கைக் கணக்குகளில்தான் அவருக்குத் தனிக் கட்டம் கிடையாது.

இந்த முறையின் விளைவை ஓரிடத்தில் தெளிவாகக் காணலாம். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள். அங்கே அவர்களுக்குக் கணிதம் கற்பித்தவர் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான ரசீன் அடிகள். பாரிஸில் எலீ கார்த்தானிடம் பயின்றவர், 1937இல் இந்தியா வந்தவர். அவர் ஊன்றிய விதை பம்பாயில் முளைத்தது. நெடுநாள் தங்கிய விருந்தினர்களிடம் நேரடியாகப் பயின்ற பிறகே, 1957இல், இருவரும் பாரிஸ் சென்றனர். ஆகவே போகும்போது அங்கே பேசப்பட்ட கணிதம் அவர்களுக்கு அந்நியமாக இல்லை. மூன்று ஆண்டுகள் இருந்து திரும்பினார்கள். வளைவரைகளின் மேலமைந்த திசையன் கற்றைகளைப் பற்றிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் 1965இல் வெளிவந்தது. பின்னர் இயற்பியலாளர்களும் எடுத்தாண்ட தேற்றம் அது. 1955இல் ஷ்வார்ட்ஸின் பயணச் செலவுக்கு ஒப்புதல் கேட்டபோது, இத்தேற்றத்தை 'எதிர்பார்க்கப்படும் பயன்' என்ற கட்டத்தில் யாரால் எழுதியிருக்க முடியும்?

குறுகிய கால மாநாடுகளை நான் பழிக்கவில்லை. 1956 பிப்ரவரியில் பம்பாயில் ஸீட்டா சார்புகள் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூடியது. அதற்கு வந்த அட்லே செல்பெர்க், இன்று அவர் பெயரால் வழங்கும் சுவட்டு வாய்பாட்டைப் பற்றிய கட்டுரையை அளித்தார். இருபதாம் நூற்றாண்டு எண்கணிதத்தின் திருப்புமுனைகளுள் ஒன்றான அக்கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழிலேயே அச்சானது. அந்தச் சங்கத்தின் கதையும் நல்கையின் கதைதான். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனியொருவரால் வாங்க இயலாது என்பதால், உறுப்பினர் சந்தாவைத் திரட்டி வாங்கி அஞ்சலில் சுற்றுக்கு விடலாம் என்று 1907இல் வி. ராமசாமி ஐயர் தொடங்கிய கழகமே பின்னாளில் சங்கமாயிற்று. அவர் பேராசிரியராகவும் இல்லை. வருவாய்த் துறையில் துணை ஆட்சியர். அவர் தொடங்கிய சங்கத்தின் இதழில்தான் 1911இல் சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரை வந்தது.

ராமானுஜன் பெயரை எடுத்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கேம்பிரிட்ஜ் போன கதை எல்லோருக்கும் தெரியும்; சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளித்ததும் தெரியும். அதற்கு முன் ஒருவர் இங்கே வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1914இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு விரிவுரையாளராக இருந்த ஈ. எச். நெவில்தான் ராமானுஜனின் குறிப்பேடுகளை நேரில் பார்த்தார், அவரோடு பழகினார், போக இசைய வைத்தார். ஹார்டியின் கடிதங்களால் முடியாதது அது.

பம்பாய் முறையைப் புகழ்ந்துகொண்டே போவதும் நேர்மையாகாது. அறக்கட்டளைப் பணமும், பிறகு அணுசக்தித் துறையின் பணமும் பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள் சென்றன. ஷ்வார்ட்ஸ் பேசிய அறையில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. அதே ஆண்டுகளில் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதுகலை நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கு அப்படி ஓர் இரண்டு மாதம் வாய்க்கவில்லை. ஆராய்ச்சியையும் வகுப்பறையையும் பிரித்துவைத்த அந்த ஏற்பாட்டின் விலையை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் கொடுத்துவருகின்றன என்றே நான் கருதுகிறேன். 1983இல் தேசிய உயர்கணித வாரியம் அமைக்கப்பட்ட பின் கணிதத்தில் நிலைமை சற்று மாறியது. பயிலரங்குகளுக்கும் பயணங்களுக்கும் கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டாயிற்று. மொழியியலில் அத்தகைய தனி வாரியம் எங்களுக்கு இல்லை.

1967–68 குளிர்காலத்தில் பம்பாயில் டேவிட் மம்ஃபோர்ட் நிகழ்த்திய விரிவுரைகளிலிருந்து உருவான அபீலிய வகைகள் பற்றிய நூல் 1970இல் வெளிவந்தது. இன்றும் அத்துறைக்கு அதுவே அடிப்படை நூல். அதிலும் குறிப்பெடுத்தவர் சி. பி. ராமானுஜம்தான். டாய்ரிங்கிடம் குறிப்பெடுத்த இளைஞர், எட்டொன்பது ஆண்டுகளில் மம்ஃபோர்டோடு சமமாக உரையாடும் அறிஞராக வளர்ந்திருந்தார். 1974இல் முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார்.

நான் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை அறிஞரை அழைக்கவில்லை. நானும் ஓர் இளம் மாணவியும் அவர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்குவதாக எழுதியிருக்கிறேன். நாள்களின் எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் அறுபது. பயன் கேட்ட கட்டத்தில் 'குறிப்பெடுத்தல்'.