சாக்கடையில் ஒரு வலம்புரி

தூத்துக்குடிக் கடலில் வலம்புரிச் சங்கு கிடைத்தால் யோகம் என்பார்கள். அதே சுழியோடு ஒரு நத்தை சாக்கடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, சீந்துவார் இல்லை. பெயர் பைசா அக்யூட்டா. விரல் நகத்தளவுதான் இருக்கும். கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்தால், வலம்புரியைப் போலவே வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். நம் கண்மாய் நத்தைக்கு வாய் வலப்பக்கம்.

இதற்குப் பெயர் வைத்தவர் ட்ராபர்னோ என்ற பிரெஞ்சுக்காரர். கரோன் ஆற்றில் கிடைத்த நத்தை அது. 1804-இல் அவர் இறந்துபோனார். அந்தப் பெயர் இடம்பெற்ற அவர் நூல் 1805-இல்தான் வந்தது. அதன்பின் வெகுகாலம் இதை ஐரோப்பிய நத்தை என்றே எண்ணினார்கள். அமெரிக்காவில் கிடைத்ததற்கு 1817-இல் தாமஸ் சே வேறொரு பெயர் வைத்தார். 2002-இல்தான் இரு கண்டத்து நத்தைகளையும் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். குஞ்சு பொரித்தது, குஞ்சுகளும் முட்டையிட்டன. இரண்டும் ஒரே இனம், பூர்வீகம் வட அமெரிக்கா! போர்தோ துறைமுகத்துக்கு நடந்த பருத்தி வியாபாரத்தோடு கப்பலேறியிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். பருத்தியால் வளர்ந்த விருதுநகர்க்காரர்களுக்கு இதை நம்புவது சிரமமில்லை.

ஆணும் பெண்ணும் இதற்கு ஒரே உடம்பில். துணை வராவிட்டால் சில நாள் பொறுத்துப் பார்க்கும். பிறகு தானே சினைப்பட்டுக்கொள்ளும். நுரையீரலால் மூச்சு விடுவதால் நாறும் தண்ணீரிலும் பிழைக்கும். எதிரி தொட்டால் ஓட்டை இப்படியும் அப்படியும் உதறி நழுவப் பார்க்கும். கொல்கத்தா ஆய்வாளர்கள் ‘சாக்கடை நத்தை’ என்றே எழுதி, நீர்ப்பூச்சிகளை விட்டுத் தின்னவைத்துப் பார்த்தார்கள். பூச்சிகள் தின்னத்தான் செய்தன, நத்தை தீர்ந்தபாடில்லை.

ஊர் ஊராகப் பரவ இந்த நத்தைக்கு அதிக மெனக்கெடல் வேண்டாம். மீன்தொட்டிக்கு வாங்கும் செடியின் இலையடியில், கண்ணாடிபோன்ற வழவழப்பில் அதன் முட்டைகள் ஒட்டியிருக்கும். தொட்டி கழுவிய தண்ணீரை வாறுகாலில் கொட்டினால் போதும். விருதுநகரில் அது கௌசிகா ஆற்றுக்குப் போகும். கௌசிகா அர்ஜுனா ஆற்றில் சேரும். அர்ஜுனா இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கும்.