ஏட்டறிவும் கைத்தேர்ச்சியும்: உயர்நிலைத் தாதியர் பயிற்சி வரலாறு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏடே வேண்டா என்பது அதன் பொருளன்று. ஏட்டில் கற்றது கைக்கு வந்து சேரும்வரை, கற்றவர்க்கு ஒரு பயிற்சிக் காலம் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. அத்தகைய காலத்தை மருத்துவர் நெடுநாளுக்கு முன்பே பெற்றுவிட்டனர். மருத்துவர் பொறுப்பில் ஒரு பகுதியைத் தம் தோளில் ஏற்ற உயர்நிலைத் தாதியரோ, அமெரிக்க நாட்டில் அதனைப் பெறுவதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வரலாறு கற்பிக்கும் தொழிலில் உள்ளோர் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

தாதியர் கல்வி தொடக்கத்தில் கைப்பழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1860ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் தோன்றிய பள்ளியில், மாணவியர் நோயாளர் படுக்கையருகே நின்றே தொழில் கற்றனர். மருத்துவர் கல்வியில் இதனையொத்த பெருமாற்றம் 1889ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்தது. அவ்வாண்டு திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகிய பேரறிஞர்கள், பட்டம் பெற்ற இளம் மருத்துவரை மருத்துவமனையிலேயே தங்கவைத்துப் பயிற்றும் முறையை வகுத்தனர். இளையவர் நோயாளரைக் கவனிப்பார். மூத்தவர் அவர் பின்னின்று திருத்துவார். பொறுப்பு படிப்படியாகக் கூடும். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் ‘ஹவுஸ்மேன்’ என வழங்கும் பயிற்சி மருத்துவரும், பட்டம் பெற்றவரை உடனே தனித்து விடலாகாது என்னும் அதே கருத்தின் வழிவந்தவரே.

உயர்நிலைத் தாதியர் என்போர் யாவர்? நோயாளரைத் தாமே சோதித்து, நோயின்னதெனத் துணிந்து, சட்டம் இடந்தரும் அளவில் மருந்தும் எழுதித்தரும் தகுதி பெற்ற தாதியரே அவர். இப்பிரிவு 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. பொதுச் சுகாதாரத் தாதியாகவும் ஆசிரியராகவும் விளங்கிய லொரெட்டா போர்டு அம்மையாரும், குழந்தை மருத்துவர் ஹென்ரி சில்வரும் அதனைத் தோற்றுவித்தனர். நாட்டுப்புறங்களிலும் ஏழையர் பகுதிகளிலும் குழந்தைகளைக் கவனிக்க மருத்துவர் போதாத காலம் அது. அனுபவமுள்ள தாதியர்க்கு மேற்பயிற்சி தந்தால் அக்குறை நீங்கும் என இருவரும் கருதினர். மருத்துவரிடையேயும் தாதியரிடையேயும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் முயற்சி வென்றது. தாம் நட்ட விதை பெருமரமாவதைக் கண்ட போர்டு அம்மையார், 2025ஆம் ஆண்டில் தமது 104ஆம் வயதில் மறைந்தார்.

மரம் வளர்ந்ததெனினும் ஒரு குறை இருந்தது. தொடக்கத்தில் குறுகிய காலப் பயிற்சியாக இருந்த இக்கல்வி, பின்னர் முதுகலைப் பட்டமாக உயர்ந்தது. பட்டத்தின் தகுதி உயர்ந்த அளவுக்கு நோயாளரிடையே பழகும் நேரம் உயரவில்லை. மாணவர் நோயாளரிடையே பழக வேண்டிய குறைந்த அளவு நெடுங்காலம் 500 மணி நேரமாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டில்தான் அது 750 ஆக்கப்பட்டது. குடும்ப மருத்துவராக விரும்புவோர் அந்நாட்டில் பட்டத்திற்குப் பின்னும் மூன்றாண்டு பயில்வதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்ற தாதியர் பலர், ஏழை மக்கள் நாடிவரும் சமூக நலநிலையங்களுக்கே சென்றனர். அங்கு வருவோர்க்கோ ஒரு நோய் அன்று, பல நோய்கள் இருக்கும். நோயோடு வறுமையும் சேர்ந்திருக்கும். கடினமான பணி புதியவர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இக்குறையை நேரிற் கண்டவர் மார்கரெட் பிளிண்டர் அம்மையார். கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில் வேரூன்றிய சமூக நலநிலைய அமைப்பில் அவரே உயர்நிலைத் தாதியாகப் பணியாற்றியவர். 2007ஆம் ஆண்டில் அவ்வமைப்பு, பட்டம் பெற்ற உயர்நிலைத் தாதியர்க்கென 12 மாதப் பயிற்சியைத் தொடங்கியது. இப்பயிற்சியில் புதியவர் தமக்கென நோயாளரை ஏற்றுக் கவனிப்பார். அவ்வேளையில் வழிகாட்டும் மூத்தவர்க்குத் தம் சொந்த நோயாளர் எவரும் இரார். ஐயம் எழுந்த கணமே உதவுவதே அவர் வேலை. இடையிடையே தோல்நோய், மகளிர் மருத்துவம் முதலிய சிறப்புத் துறைகளுக்கும் புதியவர் அனுப்பப்படுவார், வகுப்புரைகளும் உண்டு. ஆண்டு முதிர முதிர மூத்தவர் கை தளரும். புதியவர் கை உறுதிபெறும்.

நன்முயற்சிக்கும் தடையுண்டு. மருத்துவர் பயிற்சிக்கு அந்நாட்டு அரசு ‘மெடிகேர்’ என்னும் திட்டத்தின் வழியாக, அத்திட்டம் செயற்படத் தொடங்கிய நாள் முதற்கொண்டே பொருள் தந்துவருகிறது. தாதியரின் இப்பயிற்சிக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் தரப்பட்டதேயன்றி, அதற்கெனப் பணம் ஒதுக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டில்தான் நடுவணரசின் தனி நிதியுதவி வந்தது. தாதியரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. இத்தகைய பயிற்சி வேண்டுமென்றால் தாம் பெற்ற பட்டம் குறையுடையதென்று பொருள்படாதா என வினவினோர் உண்டு; ஓராண்டுக்குக் குறைந்த ஊதியம் பெறுவது பலர்க்குச் சுமையே. இவ்வினாவைப் புறந்தள்ளுதல் ஆகாது. ஆயினும் மருத்துவர் பயிற்சியை எவரும் அவர்தம் பட்டத்திற்கு இழுக்கெனக் கருதுவதில்லை என்பதையும் நினைத்தல் நன்று.

சிங்கப்பூர் வேறொரு வழியைத் தேர்ந்தது. அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகம் உயர்நிலைத் தாதியர்க்கான முதுகலைக் கல்வியை 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. பட்டம் பெற்றவுடன் அவர் உயர்நிலைத் தாதியாகப் பதிவு பெறுவதில்லை. மூத்தவர் மேற்பார்வையில் குறைந்தது ஓராண்டு பணியாற்றிய பின்னரே அத்தகுதி கிட்டும். அமெரிக்காவில் விரும்பினோர்க்கும் வாய்ப்புக் கிட்டினோர்க்கும் உரியதான ஓராண்டு, இங்கே அனைவர்க்கும் உரிய படியாயிற்று. ஆகவே, பயிற்சி பெறுவதால் ஒருவரது தகுதி ஐயத்திற்கு உள்ளாகுமோ என்னும் வினாவே ஈண்டு எழ இடமில்லை.

ஆசிரியர்ப் பயிற்சியிலும் இதுவே உண்மை. உளநூலும் கல்விமுறையும் கற்றவர், நாற்பது பிள்ளைகள் முன் நிற்கும் முதல்நாளில் தடுமாறாதிருப்பது அரிது. பின்வரிசையில் மூத்த ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தால், அத்தடுமாற்றம் பாடமாகும். எவரும் இல்லையேல் அதன் விலையைப் பிள்ளைகள் கொடுப்பர். மருத்துவமனையிலோ அவ்விலையைக் கொடுப்பவர் நோயாளர். ஆதலின் பட்டத்திற்குப் பின் வரும் அந்த ஓராண்டைப் புதியவர்க்குச் செய்யும் சலுகையாகக் கருதலாகாது. அது நோயாளர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.