மதிலுக்கு வெளியே

லண்டனில் கட்டட வேலையின்போது ரோமானியப் புதைகுழி அகப்பட்டது என்றால், அது பழைய நகர மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியச் சட்டம். அதனால் லொண்டினியத்தின், அதாவது ரோமானிய லண்டனின், இறந்தவர்கள் நகர வாயிலைத் தாண்டிய சாலையோரங்களில் கிடக்கிறார்கள்: பிஷப்ஸ்கேட், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், தேம்ஸுக்குத் தெற்கே சதர்க். இன்று அவையெல்லாம் நகரின் நடுப்பகுதி; அடித்தளம் தோண்டினால் எலும்பு தட்டுப்படுவதில் வியப்பில்லை.

1999 மார்ச்சில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையருகே கிடைத்த பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. கல்பெட்டி, அதற்குள் சிப்பி உருவங்கள் வார்த்த ஈயப்பெட்டி, அதற்குள் இருபதுகளின் தொடக்கத்தில் இறந்துபோனவள். நான்காம் நூற்றாண்டு. தலைக்கடியில் லாரல் இலைகள். உடலைச் சுற்றியிருந்த துணியில் பட்டும் தங்க இழையும். அந்தப் பட்டு எத்தனை கை மாறி அந்தக் குளிர் தேசத்துக்குப் போயிருக்கும்! கண்ணாடிக் குப்பியும் கருநிற ஜெட் கல் பொருட்களும் கூடவே வைத்திருந்தார்கள்.

பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாவது. அதிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்புகள், அவள் ரோம் நகரிலேயே வளர்ந்திருக்கலாம் என்று காட்டின. பெயர் மட்டும் எங்கும் இல்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

1990-இல் திட்ட வழிகாட்டுதல் வந்ததிலிருந்து, இங்கிலாந்தில் இத்தகைய தொல்லெச்சங்கள் உள்ள இடங்களில் கட்டுவோரே அகழாய்வுச் செலவை ஏற்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் கரண்டியும் தூரிகையும் இறங்க அவகாசம் கிடைத்தது அதனால்தான்.