மலேசியாவுக்கு வேலைக்குப் போறீங்களா? சம்பளம் கேட்கவாவது இந்த மலாய் தெரிஞ்சிருக்கணும்!

சத்துவாச்சாரி, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்த அனுபவத்தோடு மலேசியா போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பாஷை தெரியாம சமாளிக்க முடியுமா?" என்பதுதான். நம்ம ஊர்க்காரர்களுக்கு மலாய் அவ்வளவு கஷ்டம் இல்லை. ஏன் தெரியுமா?

தெரிந்த வார்த்தைகளே இருக்கு

கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கட்டிலுக்கு 'காட்டில்'. மூன்றும் தமிழில் இருந்து மலாய்க்குப் போனவை.

காலத்துக்கு வினை மாறாது

'மாக்கான்' என்றால் சாப்பிடு. முன்னால் 'சுடா' சேர்த்தால் முடிந்தது, 'ஆக்கான்' சேர்த்தால் இனிமேல். "சுடா மாக்கான்?" என்றால் "சாப்பிட்டாச்சா?"

வரிசை தலைகீழ்

தோல் 'கூலிட்', ஷூ 'காசுட்'. ஆனால் தோல் ஷூ 'காசுட் கூலிட்'. அதேபோல 'காஜி சாயா' என்றால் என் சம்பளம்.

நாம், நாங்கள் வித்தியாசம் உண்டு

எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் 'கீத்தா' (நாம்), சேர்க்காவிட்டால் 'காமி' (நாங்கள்). முதலாளியிடம் "எங்கள் சம்பளம்" என்று கேட்க 'காஜி காமி' என்பதே சரி. அவரை 'என்சிக்' (ஐயா) என்றும், பெண் என்றால் 'புவான்' என்றும் அழைக்கணும்.

இல்லை வேறு, அல்ல வேறு

"சாயா தீடாக் ஃபாஹாம்" என்றால் எனக்குப் புரியவில்லை. "இனி புக்கான் காஜி சாயா" என்றால் இது என் சம்பளம் அல்ல. சம்பளச் சீட்டில் தொகை தப்பாக இருந்தால் இந்த ஒரு வரி உதவும்.

எண்கள்

1 முதல் 5 வரை: சாத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா. நூறுக்கு 'ராத்துஸ்', ஆயிரத்துக்கு 'ரிபு'. 2,500 என்றால் 'டுவா ரிபு லீமா ராத்துஸ்'.

போர்டில் கவனிக்க வேண்டியவை

பஹாயா - ஆபத்து
டிலாராங் மாசுக் - உள்ளே வரத் தடை
கெலுவார் - வெளியே செல்லும் வழி
தோலோங் - உதவி

அவசரத்துக்கு 999-ஐ அழைக்கலாம்.

மறக்கக் கூடாத கேள்வி

"பாஸ்போர்ட் சாயா டி மானா?" அதாவது, என் பாஸ்போர்ட் எங்கே? உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியாவின் 1966-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10-ம் வகுப்பு தேர்ச்சி பெறாமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மலேசிய வேலைக்குக் கிளம்பும் முன் குடியேற்ற அனுமதியும் பெற்றாக வேண்டும். ஏஜென்ட் "அதெல்லாம் வேணாம்" என்றால் உஷார்!