புள்ளிநாயும் சிறுநீர்க் கல்லும்

வாயிலிற் காவல் கிடக்கும் நாயும் அடுப்படியிற் சுருண்டு உறங்கும் பூனையும் மனிதனின் உணவிலும் உறையுளிலும் பங்குகொள்வன. அவனுடைய நோய்கள் சிலவற்றிலும் அவை பங்குகொள்கின்றன. அத்தகைய நோய்களுள் ஒன்று கல்லடைப்பு. சிறுநீரிற் கரைந்திருக்க வேண்டிய பொருள் கரையாது படிந்து, முதலில் மணலாகி, பின்னர் பரலாகி, ஈற்றிற் கல்லாகத் திரள்வதே இந்நோய். கல் சிறுநீர்ப்பையிற் கிடக்கும்வரை விலங்கு அடிக்கடி முக்கித் துன்புறும். நீரிற் குருதி கலக்கும். ஆனால் அக்கல் வழியை அடைத்துவிடுமாயின், வெளியேற வேண்டிய கழிவு குருதியிலே தேங்கிச் சில நாட்களுள் உயிரைப் போக்கிவிடும். ஆண் நாயின் சிறுநீர்வழி ஓர் எலும்பின் பள்ளத்தினூடே செல்வதாலும், ஆண் பூனையின் வழி மிகக் குறுகியதாதலாலும், இவ்விடர் பெண் விலங்குகளிலும் ஆண் விலங்குகளையே பெரிதும் வாட்டுகின்றது.

கல்லடைப்பு மனிதன் மிகப் பழங்காலந்தொட்டே அறிந்த நோய். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், சிறுநீர்ப்பையைக் கீறிக் கல்லை எடுக்கும் முறையை விரித்துரைக்கின்றது. கிரேக்க நாட்டு மருத்துவர் ஏற்ற சத்தியமோ, கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லை என்றும் அத்தொழிலை அதில் வல்லாரிடம் விடுவது என்றும் கூறுகின்றது. இரு நாட்டாரும் கல்லை எடுப்பது எவ்வாறு, எடுக்கத் தகுந்தவர் யார் என்பன பற்றி ஆழ்ந்து எண்ணினர். ஆனால் எடுத்த கல் எப்பொருளால் ஆனது என்னும் வினாவுக்குச் சோதனையின் வாயிலாக விடை காண, 18ஆம் நூற்றாண்டின் இரசாயனம் வர வேண்டியிருந்தது.

அவ்விடையின் முதற் பகுதியைத் தந்தவர் சுவீடன் நாட்டிற் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்கெல்ம் ஷேலே என்பவர். அவர் 1776இல் மனிதரின் சிறுநீர்ப்பைக் கற்களைச் சோதித்து, அவற்றில் அதுவரை அறியப்படாத அமிலம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதுவே பிற்காலத்தில் யூரிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. கற்கள் யாவும் ஓரினத்தன அல்ல என்பதை 1797இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் உவொலஸ்ரன் தெளிவாக்கினார். யூரிக்கமிலக் கல் ஒன்று; முசுக்கட்டைப் பழம்போற் கரடுமுரடான கல்சியம் ஒட்சலேற்றுக் கல் மற்றொன்று; பொசுபேற்றுக் கற்கள் வேறு. மூட்டுவாத நோயாளரின் மூட்டுகளில் திரளும் வெண்கட்டியும் யூரிக்கமிலத்தின் உப்பே என்பதையும் அவர் அதே கட்டுரையிற் காட்டினார். 1810இல் அவர் கண்ட அரிய கல் ஒன்றின் பொருளே இன்று சிஸ்ரீன் என வழங்குகின்றது.

நாய்களிலும் பூனைகளிலும் பெரிதும் காணப்படும் கல் மகனீசியம் அமோனியம் பொசுபேற்றாகும். அதன் கனிப்பொருட் பெயரான ஸ்ருவைற்று என்பது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பிறந்தது. 1842இல் அந்நகரை எரித்த பெருந்தீயில் புனித நிக்கலஸ் தேவாலயமும் அழிந்தது. மீண்டும் கட்டுவதற்காக அடித்தளம் தோண்டியபோது, பழைய சாணக்குழியின் மண்ணிற் பளிங்குகள் காணப்பட்டன. அவற்றை ஆராய்ந்த உலெக்ஸ் என்னும் இரசாயனி, இரசிய அரசின் தூதராக இருந்தவரும் கனிப்பொருள் சேகரிப்போருமான வொன் ஸ்ருவே என்பவரின் பெயரை அவற்றுக்கு இட்டார். தேவாலயத்தின் அடிமண்ணிற் கிடைத்த பளிங்கும் பூனையின் சிறுநீர்ப்பையில் விளையும் கல்லும் ஒரே பொருளேயாம்.

கல்லின் இனத்தை அறிவதால் வரும் பயன் மிருக வைத்தியத்தில் முழுமையாக வெளிப்பட நெடுங்காலம் சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்திற் கால் ஒஸ்போன் என்னும் மிருக வைத்தியர் 1981இல் கற்களைப் பகுத்தாய்வதற்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நாய்களில் ஸ்ருவைற்றுக் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றினால் விளைகின்றது. பூனைகளிலோ பெரும்பாலும் கிருமியின்றியே விளைகின்றது. ஆதலால் நாய்க்குக் கிருமிகொல்லி மருந்தும் வேண்டும். பூனைக்கு உணவு மாற்றமே போதியதாகலாம். ஸ்ருவைற்றை உணவினாற் கரைக்கலாம். ஒட்சலேற்றுக் கல்லை அவ்வாறு கரைத்தல் இயலாது. 1980ஆம் ஆண்டுகளிற் பூனை உணவு செய்வோர் மகனீசியத்தைக் குறைத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டினர். ஸ்ருவைற்றுக் கற்கள் குறைந்தன. ஆனால் ஒட்சலேற்றுக் கற்கள் பெருகின. ஒரு வாயிலை அடைத்தபோது மற்றொன்று திறந்துகொண்டது. இவ்வுண்மையும் கற்களை இனம் பிரித்து எண்ணியதனாலேயே புலனாயிற்று.

இனி, ஷேலே கண்ட யூரிக்கமிலத்தின் கதைக்குத் திரும்புவோம். உடலின் உயிரணுக்களிலும் உண்ணும் இறைச்சியிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது யூரிக்கமிலம் உண்டாகின்றது. முலையூட்டிகளுள் மிகப் பலவற்றின் ஈரலில் யூரிக்கேசு என்னும் நொதியம் உண்டு. அது யூரிக்கமிலத்தை, நீரில் எளிதிற் கரையும் அலந்தோயின் ஆக மாற்றிவிடுகின்றது. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் தம் முன்னோரில் நேர்ந்த விகாரங்களால் இந்நொதியத்தை இழந்தவர்கள். ஆகையால் மனிதனுக்கு மூட்டுவாதமும் யூரிக்கமிலக் கல்லும் வரக்கூடும். நாய் அத்தொல்லையினின்று தப்பியது என்றே கருதப்பட்டது. ஆனால் ஒரே ஒரு சாதி நாய் அவ்விதிக்கு அடங்காது நின்றது. அதுவே தல்மேசியன் எனப்படும் புள்ளிநாய்.

வெண்ணிற மேனியிற் கரும்புள்ளிகளோ கபிலநிறப் புள்ளிகளோ சிதறிய இந்நாயை இங்கிலாந்தின் செல்வர் தம் குதிரை வண்டிகளோடு ஓடவிட்டு அழகு பார்த்தனர். 1790இல் தோமஸ் பியூவிக் வெளியிட்ட விலங்கு நூலில் இது வண்டிநாய் என்னும் பெயரோடு சித்திரிக்கப்பட்டது. அமெரிக்காவிலோ தீயணைப்பு வண்டிகளின் துணையாகப் புகழ் பெற்றது. இவ்வழகிய விலங்கின் சிறுநீரிலே மறைந்திருந்த விந்தையை 1916இல் உலகறியச் செய்தவர் நியூயோர்க் நகரின் ஸ்ரான்லி பெனடிக்ற் ஆவார். சிறுநீரிற் சீனியைச் சோதிக்கும் பெனடிக்ற் கரைசலைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் கையாண்ட நேயர்கள் அப்பெயரை மறந்திருக்க மாட்டார்கள். ஏனைய நாய்கள் நாளொன்றுக்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரையான யூரிக்கமிலத்தையே கழிக்கின்றன. தல்மேசியனோ 400 முதல் 600 மில்லிகிராம் வரை கழிக்கின்றது. இத்துணை அமிலம் நீரிற் கரைந்து நிற்றல் அரிது. இச்சாதி நாய்கள் எல்லாவற்றுக்கும் கல் உண்டாவதில்லை. ஆயினும் உண்டாகும் இடர் எல்லாவற்றிலும் குடிகொண்டிருந்தது.

இவ்வியல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் விதத்தை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த ஹுயா ஒன்ஸ்லோ. நியூசிலாந்தின் தேசாதிபதியாக இருந்த பிரபுவின் மகனாகிய அவர், 1911இல் நீரிற் பாய்ந்தபோது பாறையில் மோதுண்டு இடுப்பின் கீழ் உணர்விழந்தார். எழுந்து நடக்கவியலாத அந்நிலையிலும் படுக்கையிலிருந்தே ஆராய்ச்சிகளை நடத்திய அவர் 1922இல் மறைந்தார். தல்மேசியனை வேறு சாதி நாய்களோடு கலந்து பிறந்த குட்டிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை, அடுத்த ஆண்டிலே வெளிவந்தது. 1938இல் திரிம்பிள், கீலர் என்னும் இருவர் இவ்வியல்பு மெண்டலின் விதிக்கு அமைந்த எளிய பின்னிடைவான இயல்பே என நிறுவினர். அஃதாவது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகைப் பெற்ற குட்டியே மிகை யூரிக்கமிலத்தைக் கழிக்கும். ஒரு பக்கத்திலிருந்தேனும் நல்ல அலகு கிடைப்பின் குட்டி தப்பும். ஆனால் தூய தல்மேசியன்களிடையே நல்ல அலகு எஞ்சியிருக்கவே இல்லை. புள்ளியின் வடிவையும் தெளிவையும் நாடித் தெரிந்து தெரிந்து வளர்த்தபோது, குறையுள்ள அலகும் உடன் நிலைபெற்றது எனக் கருதுவோர் உளர்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. தல்மேசியனின் ஈரலில் யூரிக்கேசு நொதியம் இல்லாமலில்லை. கருவி இருந்தும் தொழில் நடவாதது ஏன்? 1972இல் வெளியான ஈரல் மாற்றுச் சோதனைகள் இதற்கு வழிகாட்டின. வேறு நாயின் ஈரல் தல்மேசியனுக்குப் பொருத்தப்பட்டபோது அதன் யூரிக்கமிலம் குறைந்தது. ஆகவே குறை ஈரலிலேயே உண்டு. ஆனால் நொதியத்தில் அன்று. யூரிக்கமிலத்தை ஈரலின் உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் வாயிலே செயற்படவில்லை. ஆலை இயங்க ஆயத்தமாக நின்றும் மூலப்பொருள் உள்ளே வந்து சேராத நிலை அது.

இவ்வறிவு வைத்தியருக்குத் துணையாயிற்று. ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சிகளையும் பியூரின் மிகுந்த சிறுமீன் வகைகளையும் விலக்குதல், நீரை மிகுதியாகக் குடிக்கச் செய்தல், சிறுநீரின் அமிலத்தன்மையைத் தணித்தல் என்பன வழக்கில் வந்தன. மனிதரின் மூட்டுவாதத்துக்கென ஜேர்ற்றூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் அளித்த அலோபியூரினோல் என்னும் மருந்து நாய்க்கும் உதவியது. ஆயினும் உணவைக் கட்டுப்படுத்தாது அம்மருந்தை மிகையாகக் கொடுத்தால் சந்தீன் என்னும் வேறொரு கல் உண்டாகலாம். இம்முறைகள் யாவும் பிறந்த நாயைக் காப்பனவே. பிறக்கப்போகும் நாய்க்கு அவற்றால் விடுதலை இல்லை.

அவ்விடுதலையை நாடியவர் இந்தியானாவைச் சேர்ந்த பரம்பரையியலாளர் றொபேட் ஷைபிள். அவர் 1973இல் தல்மேசியன் ஒன்றைப் பொயின்ரர் என்னும் வேட்டைநாயோடு சேர்த்தார். அம்முதற் கலப்பின் குட்டிகள் யாவும் நல்ல அலகு ஒன்றைப் பெற்றிருந்தன. அவற்றைத் தூய தல்மேசியனோடு மீண்டும் சேர்த்தால், பிறப்பனவற்றிற் பாதிக்கு அவ்வலகு கிடைக்கும். எக்குட்டிக்குக் கிடைத்தது என்பதைச் சிறுநீர்ச் சோதனை காட்டிவிடும். அக்குட்டியைத் தெரிந்து மீண்டும் தூய சாதியோடு சேர்த்தார். இவ்வாறு செல்லும்போது பொயின்ரரின் பங்கு இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று எனக் குறைந்து, ஐந்தாந் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒன்றாகின்றது. தோற்றத்தில் நாய் முற்றும் தல்மேசியன். சிறுநீர் மட்டும் ஏனைய நாய்களினது.

1981இல் அமெரிக்கன் கெனல் கிளப் என்னும் பதிவுச் சங்கம் இவ்வழி வந்த நாய்கள் இரண்டைத் தல்மேசியன் எனப் பதிவுசெய்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. தல்மேசியன் வளர்ப்போர் கழகத்தினர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். தலைமுறை தலைமுறையாகக் குறித்துவந்த வம்சாவளி ஏட்டில் அந்நியக் குருதி புகுவதா என்பது அவர்களது வினா. கல் எல்லா நாய்க்கும் வருவதில்லையே, உணவாலும் மருந்தாலும் தடுக்கலாமே என்பது அவர்களது வாதம். கலப்பினால் வேறு புதுக் குறைகள் புகக்கூடும் என்னும் அச்சமும் இருந்தது. இவ்வாதங்களைப் பொருளற்றவை எனத் தள்ளிவிட முடியாது. ஒரு சாதியை அன்போடு பேணியவர்களின் கவலை அவற்றில் இருந்தது. ஆனால் மறுபுறத்தில், நீர் கழிக்கவியலாது துடிக்கும் நாயின் வேதனையும் இருந்தது. எதிர்ப்பே வென்றது. பதிவேட்டின் கதவு மூடப்பட்டது. ஷைபிளும் அவரோடு ஒத்தாரும் பதிவு பெறாத அவ்வழியை அழியவிடாது பேணிவந்தனர்.

2008இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலே டனிக்கா பனாஷும் அவருடைய குழுவினரும் அந்தப் பரம்பரையலகையே இனங்கண்டனர். எஸ்.எல்.சி. 2 ஏ 9 எனக் குறிக்கப்படும் அது, யூரிக்கமிலத்தை உயிரணுவின் சுவரூடே கடத்தும் புரதத்தை ஆக்குவது. ஈரலின் வாயில் அடைபட்டதற்குக் காரணம் இவ்வாறு வெளிப்பட்டது. அதே விகாரம் புல்டோக், கறுப்பு இரசியத் தெரியர் ஆகிய சாதிகளின் நாய்கள் சிலவற்றிலும் காணப்பட்டது. அதே ஆண்டில் மனிதரை ஆராய்ந்தோரும், அதற்கு நிகரான மனிதப் பரம்பரையலகே குருதியின் யூரிக்கமில அளவோடும் மூட்டுவாதத்தோடும் தொடர்புடையது எனக் கண்டனர். மனிதனின் கல்லிலிருந்து தொடங்கி நாயின் கல்லுக்கு வந்த ஆராய்ச்சி, மீண்டும் மனிதனிடமே சென்று சேர்ந்தது.

பரம்பரையலகு தெரிந்தபின் சோதனை எளிதாயிற்று. எந்த நாய் நல்ல அலகை உடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று. 2010இல் பிரித்தானியக் கெனல் கிளப் இவ்வழி வந்த பெண் நாய் ஒன்றைப் பதிவுசெய்தது. 2011இல் அமெரிக்கச் சங்கமும் தன் கதவைத் திறந்தது. முதற் கலப்பு நிகழ்ந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டுகளிற் பிறந்து, கல்லினால் வருந்தி மறைந்த நாய்களின் தொகையை எந்த வம்சாவளி ஏடும் குறித்துவைக்கவில்லை.

நாய்க்குத் தன் சாதியின் தூய்மை பற்றிய எண்ணம் இல்லை. புள்ளியின் அழகை விரும்பியவன் மனிதன். வம்சத்தை எழுதிவைத்தவனும் மனிதன். அவன் விருப்பினால் நிலைபெற்ற குறையை நீக்கும் கடனும் அவனுடையதே. கல்லை எடுத்தெறிவதோடு அமையாது, அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என 1776இல் எழுந்த வினாவே அக்கடனைத் தீர்க்கும் வழியைக் காட்டியது.