வீட்டு விமானி அறையில் கருவிப் பலகை

மேகத்துக்குள் புகுந்த விமானி தன் உடலுணர்வை நம்ப இயலாது. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதும் அது நேராகவே செல்வதாக உட்செவி உணர்த்தும். அந்நிலையில் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்க முடியும் என்பதை, 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிட்செல் களத்தில் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் மெய்ப்பித்தார். வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையிலிருந்து, கைரோஸ்கோப்பின் சுழற்சியால் தரைமட்டக் கோட்டைக் காட்டும் செயற்கை அடிவானம், நுண்ணிய உயரமானி, வானொலி வழிகாட்டி ஆகியவற்றைக் கொண்டே அவர் புறப்பட்டு, வட்டமிட்டு, தரையிறங்கினார்.

அதே காலத்தில் பிங்காம்டன் நகரில், தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் தொழில் பழகிய எட்வின் லிங்க், ஆர்கனுக்குரிய துருத்திகளைக் கொண்டு, தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் பயிற்சி விமானத்தை அமைத்தார். முதலில் அதைப் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே நாடின. 1934இல் அஞ்சல் சுமக்கும் பணியேற்ற அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு, கடுங்குளிரிலும் மூடுபனியிலும் விமானிகள் பலரை இழந்த பின்னரே அவற்றில் ஆறினை வாங்கியது. உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகே அக்கருவியின் அருமை உணரப்பட்டது என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதியாகும்.

1930களின் பிற்பகுதியில் பிரிட்டனின் அரச விமானப் படை, வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்கமானி ஆகியவற்றை மேல்வரிசையிலும், உயரமானி, திசைகாட்டும் கைரோ, திருப்பமானி ஆகியவற்றைக் கீழ்வரிசையிலும் வைத்து, அந்த ஒழுங்கைப் பல விமானங்களுக்கும் பொதுவாக்கியது. எந்த முள் எங்கே இருக்கும் என்பதைக் கண் தேடாமலே அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

புரூஸ் ஆர்ட்விக்கின் நிரலிலிருந்து வளர்ந்து 1982இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வீட்டுக் கணினிக்குப் பறத்தலைக் கொண்டுவந்தபோது, காட்சியும் கருவிகளும் ஒரே சிறு திரையைப் பங்கிட்டுக்கொண்டன. பின்னாளில் குமிழைத் திருகுவதற்குக்கூட மௌஸைத் தேட வேண்டியதாயிற்று. கண் பழகினாலும் கை பழகாத இக்குறையே, மெய்யான கருவிகளைப் பொருத்திய உலோகப் பலகையை வீட்டிலேயே அமைக்க ஆர்வலர்களைத் திருப்பியது. பறப்பின் அளவுகளை வெளிக்கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள் வழிகளும், அர்டுயினோ போன்ற மலிவான கட்டுப்பாட்டுப் பலகைகளும் 2000களில் அதற்குத் துணைநின்றன.

உண்மையான பழைய கருவிகள் பல காற்றழுத்தத்தாலோ வெற்றிடத்தாலோ இயங்குபவை ஆதலால், அவற்றை மேசைமேல் அப்படியே இயக்க இயலாது. உள்ளமைப்பைக் களைந்து, மின்துடிப்புக்கு ஒரு படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்துகிறார்கள். துளையிட்ட தகட்டின் பின்னே ஒரு திரையை வைத்து, குமிழ்களை மட்டும் மெய்யாக அமைக்கும் எளிய முறையும் பயிற்சிக்குப் பெரிதும் போதுமானதே. ஆயினும் முள்ளையும் மெய்யாகவே அமைப்போரின் திறமை உயரமானியில்தான் சோதிக்கப்படுகிறது. கார் அளவுமானிகளில் வரும், ஏறத்தாழ 315 பாகையில் நின்றுவிடும் சிறு மோட்டார் வேகமானிக்குப் பொருந்தும். ஆனால் உயரமானியின் நீண்ட முள் 1,000 அடிக்கு ஒரு முழுச் சுற்றாகத் தடையின்றிச் சுழல வேண்டும், ஆயிரங்களைக் காட்டும் குட்டை முள்ளோ அதே மையத்தில் அதன் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர வேண்டும். தடுத்து நிறுத்தும் முனை இல்லாத அம்முள்ளுக்குத் தன் தொடக்க நிலை தெரியாது என்பதால், அதைக் கண்டறிய ஓர் ஒளியுணரியையும் சேர்த்தே பொருத்துகிறார்கள்.