மயாமியில் தொட்டி ஒழுகியபோது

1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குளித்ததும் துவைத்ததும் வெயில் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரில். அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் அங்கே எழுந்த புது வீடுகளில் ஐந்தில் நான்கு வீடுகளின் கூரையில் சூரிய வெந்நீர்க் கருவி இருந்தது. சூரிய ஆற்றலின் பழைய வரலாற்றைத் தேடியெடுத்து எழுதிய கென் பட்டி, ஜான் பெர்லின் இருவரும் தரும் கணக்கு இது. மொத்தம் எத்தனை கருவிகள் என்பதில் மட்டும் மதிப்பீடுகள் 25,000 முதல் 60,000 வரை விலகி நிற்கின்றன. கீழ்க்கணக்கை எடுத்துக்கொண்டாலும், 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,72,172 பேர் இருந்த ஊருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தொழில் ஏறக்குறைய அற்றுப்போனது. வீட்டுக்கூரைச் சோலார் என்றதும் இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு கடற்கரை நகரம் அதை ஒருமுறை பழகி, பலன் கண்டு, பிறகு கைவிட்டிருக்கிறது. ஏன் கைவிட்டது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவி பிறந்தது மயாமியில் அல்ல. பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்ற 'கிளைமாக்ஸ்', கறுப்புச் சாயம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் அடைத்த எளிய அமைப்பு. கலிபோர்னியாவில் அது நன்றாக விற்றது. 1897க்குள் பாசடீனா நகரத்து வீடுகளில் முப்பது விழுக்காட்டில் அது இருந்தது. ஆனால் வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர் சுடும், இருட்டியதும் ஆறிவிடும். காலையில் குளிக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. 1909இல் லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் பெய்லி இந்தக் குறையைத் தீர்த்தார். வெயிலை வாங்கும் பகுதியையும் வெந்நீரைத் தேக்கும் தொட்டியையும் அவர் தனித்தனியாகப் பிரித்தார். கண்ணாடிக்கு அடியில் கறுப்புத் தகட்டின்மேல் வளைந்து வளைந்து ஓடும் குழாய். அதற்கு மேலே, சூடு வெளியேறாதபடி பொதிந்து மூடிய தொட்டி. சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும், குளிர்ந்த நீர் அடியிறங்கி அந்த இடத்தைப் பிடிக்கும். மோட்டாரும் வேண்டாம், ஆள் நின்று பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். மறுநாள் காலைவரை தண்ணீர் சுடச்சுட இருந்தது. அதனால் அவர் நிறுவனத்துக்கு 'பகலும் இரவும்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இயற்கை எரிவாயு ஏராளமாகக் கிடைத்து விலை விழுந்ததும், அதே பெய்லி அதே பெயரில் எரிவாயு வெந்நீர்க் கருவி செய்து பெரும் வியாபாரி ஆனார். வியாபாரி என்ற முறையில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மயாமியின் கதையும் இதே வழியில் போகப்போகிறது.

1923இல் புளோரிடாவுக்கான உரிமையை பெய்லியிடமிருந்து வாங்கியவர் கர்ரூத் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். மயாமி அப்போது நிலவியாபார வெறியில் இருந்தது. 1920இல் 29,571ஆக இருந்த மக்கள்தொகை 1930இல் 1,10,637 ஆனது. வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன, வெந்நீருக்கோ மலிவான வழி இல்லை. புளோரிடாவில் நிலக்கரி கிடையாது. எரிபொருள் எல்லாம் தொலைவிலிருந்து வர வேண்டும், மின்சாரம் விலை அதிகம். உறைபனி விழுவது அரிது என்பதால் குழாய் வெடிக்கும் பயமும் அவ்வளவாக இல்லை. கலிபோர்னியாவில் பெய்லியைப் படுத்திய பிரச்சினை அது. ஆனால் நிலவியாபாரம் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் 1926 செப்டம்பர் புயலும் வந்து நகரை அடித்துப் போட்டது. கட்டுமானம் நின்றது, சூரிய வெந்நீர்த் தொழிலும் அதோடு படுத்தது. அதை மீட்டவர் சார்ல்ஸ் எவால்டு. கடற்காற்றின் ஈரத்தில் மரப்பெட்டி உளுத்துப் போவதைக் கண்டு உலோகப் பெட்டிக்கு மாறினார், இரும்புக் குழாய்க்குப் பதிலாக மென்செம்புக் குழாயை நெருக்கி நெருக்கிப் பதித்தார், பெட்டிக்குள் காப்புப் பொதியும் வைத்தார். மயாமியின் தட்பவெப்பத்துக்கென்றே செய்த கருவி அதுதான் முதலாவது.

நல்ல கருவி வந்துவிட்டால் மட்டும் ஊர் முழுக்கப் பரவிவிடாது. 1934இல் அமெரிக்க அரசு வீட்டுவசதிச் சட்டம் ஒன்றை இயற்றி, வீடு கட்டவும் சீர்ப்படுத்தவும் வாங்கும் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. வெந்நீர்க் கருவியின் விலை வீட்டுக்கடனோடு சேர்ந்து மாதத் தவணையாகக் கரைந்தது. ஒரு பெருந்தொகையை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டியிருந்தவருக்கு, கரண்ட் பில்லில் மிச்சமாகும் காசே தவணையைக் கட்டிவிடும் என்ற நிலை பிறந்தது. எடிசன் கோர்ட்ஸ் போன்ற அரசுக் குடியிருப்புகளிலும் கருவிகள் ஏறின. வசதியுள்ளவர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்திருந்தால் அரசு அதை அங்கே கொண்டுபோயிருக்காது. தொட்டி கூரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்ததால் அதைச் சுற்றிப் பொய்ப் புகைபோக்கி கட்டி மறைத்த வீடுகள் பல. குளிர்காய நெருப்பே தேவைப்படாத ஊரில் வீட்டுக்கு வீடு புகைபோக்கி!

சரிவு போரோடு தொடங்கியது. 1942இல் இராணுவத் தேவை தவிர மற்றவற்றுக்குச் செம்பு கிடையாது என்றது அரசு. செம்புக் குழாய் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. போர் முடிந்தபோது செம்பின் விலையும் ஆள்கூலியும் ஏறிக் கிடந்தன, மின்கட்டணமோ இறங்கியிருந்தது. 1925இன் இறுதியில் உருவான புளோரிடா மின்நிறுவனம், மின்சாரத்தில் இயங்கும் வெந்நீர்க் கருவியை மலிவாகக் கொடுத்து வாடிக்கையாளரைச் சேர்த்தது. கருவியில் வரும் இழப்பை மாதாமாதம் யூனிட் விற்று ஈடுகட்டலாம் என்பது அந்த வியாபாரத்தின் கணக்கு. இதே காலத்தில் 1930களில் ஏற்றிய தொட்டிகள் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கின. உட்கூரையில் நீர் சொட்டி, பூச்சு ஊறி, மரச்சாமான் கெட்டது. பொய்ப் புகைபோக்கியை இடித்து, கனத்த தொட்டியை இறக்கி, புதியதை ஏற்றி, மறுபடி கட்ட வேண்டும். மின்கருவி என்றால் அரைநாளில் சமையலறை மூலையில் பொருத்திவிடலாம். பழைய கருவியை அப்படியே கூரையில் விட்டுவிட்டுக் குழாயை மட்டும் துண்டித்தார்கள்.

'சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது, மலிவானது வென்றது, இதில் ஆராய என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். பாதி உண்மைதான். மின்சாரம் மெய்யாகவே மலிவாயிற்று, வாஷிங் மெஷின் வந்த வீடுகளுக்குப் பழைய தொட்டியின் வெந்நீர் போதவுமில்லை. ஆனால் வெயிலின் பலன் குறைந்ததால் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி வேலை செய்துகொண்டிருந்த வரையில் அதைக் கழற்றி எறிந்தவர் குறைவு. ஒழுகிய நாளில்தான் முடிவு எடுக்கப்பட்டது. அந்த நாளில் ஒரு பக்கம் தவணைத் திட்டத்தோடும் ஆட்களோடும் ஒரு பெரிய நிறுவனம் நின்றது. மறுபக்கம் போரில் நொடித்துப்போன சில சிறு பட்டறைகள், அவ்வளவுதான். முதல்முறை வாங்க உதவிய அரசுக்கடன் ஏற்பாட்டைப் போல, இரண்டாம்முறை மாற்ற உதவும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. இதே தத்துவத்தில் இயங்கும் கருவி வேறு ஊர்களில் நிலைத்தது. இஸ்ரேல் 1980 முதல் புதுக் குடியிருப்புகளில் சூரிய வெந்நீரைக் கட்டாயமாக்கியது. பார்படோஸ் தீவு 1974இல் தன் சூரியக் கருவித் தொழிலுக்கு மூலப்பொருள் வரியை நீக்கி, மற்ற வெந்நீர்க் கருவிகளின் மேல் வரியை ஏற்றியது. இரண்டு இடங்களிலும் இன்று கூரைத் தொட்டி சாதாரணக் காட்சி. கருவி மட்டமானது என்பதே காரணமாக இருந்திருந்தால் அங்கேயும் அது அழிந்திருக்க வேண்டும்.

வெந்நீர் வேறு, மின்சாரம் வேறு, முந்தையதை வைத்துப் பிந்தையதை அளக்கலாமா என்ற மறுப்பும் நியாயமானது. 1954இல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கன் மின்கலம் கூரைக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. தொழில்நுட்பம் முற்றிலும் வேறு. ஆயினும் வீட்டுக்காரரின் கணக்கு ஒன்றே. செலவு முழுவதும் முதல்நாளில், பலன் சிறுகச் சிறுகப் பல ஆண்டுகளில். இந்த இடைவெளியை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் இரண்டிலும் கேள்வி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் புளோரிடா 1975இல் சூரிய ஆற்றல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. 1978இல் ஒன்றிய அரசு வரிச்சலுகை தந்தது. மறுபடி கடைகள் முளைத்தன. 1985 இறுதியில் சலுகை காலாவதியானதும் பெரும்பாலானவை மூடின. பழுது பார்க்க ஆள் இல்லாமல் கருவிகள் கூரையிலேயே கிடந்தன. மயாமிக்கு இது இரண்டாவது பாடம். அதையும் அது படித்ததாகத் தெரியவில்லை.

மின்பேனல்களின் காலம் 2000களில் வந்தது. 2006 முதல் 30 விழுக்காடு ஒன்றிய வரிச்சலுகை. 2008இல் புளோரிடா மாநில ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டருக்கு வழிவிட்டது. பகலில் கூரை உபரியாகக் கொடுக்கும் யூனிட், இரவில் வாங்கும் யூனிட்டோடு சமன் செய்யப்படும். ஏசி ஓடாமல் வாழ முடியாத ஊரில் இதன் பலன் மாத பில்லிலேயே தெரிந்தது. (அங்கே பில் மாதந்தோறும், நமக்குப் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அல்ல.) இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது: கம்பி, கம்பம், மின்மாற்றி ஆகியவற்றின் செலவைச் சோலார் வீடு கட்டாமல் தப்பிக்கிறது, கூரை இல்லாத வாடகைவீட்டுக்காரர் தலையில் அது விழுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சோலார் வீடுகள் பெருகப் பெருக இந்தச் சுமையும் பெருகும், ஒருநாள் அதற்கு விலை வைத்தே ஆக வேண்டும். ஆனால் கூரைச் சோலார் வீடுகள் மொத்தத்தில் சிறு பங்காக இருக்கையில் சுமையும் சிறியதே. மின்நிலையம் கட்டப் போடும் முதலுக்கு உறுதியான இலாபம் பெறும் நிறுவனங்கள் ஏழைக்காக இவ்வளவு உருகும்போது சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. 2016 நவம்பரில், அவற்றின் இரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவோடு, சோலாருக்கு ஆதரவு போன்ற சொற்களில் ஒரு அரசமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. தேவை 60 விழுக்காடு, கிடைத்தது ஏறத்தாழ 51. மறு ஆண்டு, மயாமியை ஒட்டிய சவுத் மயாமி நகராட்சி புது வீடுகளில் பேனலைக் கட்டாயமாக்கியது. 2022இல் சட்டமன்றம் நெட் மீட்டரின் பலனைக் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றியது; ஆளுநர் ஒப்புதல் தர மறுத்தார்.

புயல் வந்தால் என்ன ஆகும்? 2017 செப்டம்பரில் இர்மா வீசியபோது புளோரிடா மின்நிறுவனத்தின் சுமார் 44 இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. கூரையில் பேனல் வைத்திருந்தவர்களில் பலரும் இருட்டில்தான் இருந்தார்கள். கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காக்க, வெளிமின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரி இருந்தால்தான் வீடு தனித்து இயங்கும். புயல்காலத் தன்னிறைவு என்று சொல்லிப் பேனல் மட்டும் விற்பவர் பாதியை மறைக்கிறார்.

சோதனை இனிதான் வரப்போகிறது. பேனலுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது, பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டிவரும். பழைய கூரைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதால் புளோரிடாவில் கூரையையே இடையில் மாற்ற நேர்கிறது. அப்போது பேனல்களை இறக்கி மறுபடி ஏற்றும் கூலி தனி. 2008இல் நெட் மீட்டர் வந்ததும் முதலில் வாங்கியவர்கள் இந்த நாளை எட்டிவிட்டார்கள். 1950இல் தொட்டி ஒழுகிய வீட்டுக்காரர் நின்ற இடம் அது. அவர்களுக்கு இருந்த 30 விழுக்காட்டுச் சலுகையும் 2025 டிசம்பர் 31க்குப் பிந்தைய செலவுகளுக்கு இல்லை என்று சட்டம் ஆகிவிட்டது. இந்தியாவிலும் 2024 முதல் ஒன்றிய அரசு வீட்டுச் சோலாருக்கு 78,000 ரூபாய்வரை மானியம் தருகிறது. அதுவும் முதல்நாள் செலவுக்கான பணம்தான். மாடியில் பேனல் போட விலை கேட்கும் வாசகர்கள், பன்னிரண்டாம் ஆண்டில் இன்வெர்ட்டர் நின்றுபோனால் என்ன செலவு, யார் வந்து பார்ப்பார், தளம் ஒழுகினால் பேனலைக் கழற்றி மாட்ட எவ்வளவு கூலி என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.